பைக்குக்குக் குளியல்... ஆத்துக்கு எண்ணெயா?

நெல்லையில ஞாயிற்றுக்கிழமை காலைக்குன்னு ஒரு தனி முகம் உண்டு. பாளையங்கோட்டையில சர்ச் மணி அடிச்சு ஓய்ஞ்சிருக்கும். ஜங்ஷன் டீக்கடை பெஞ்சுல ஒரே பேப்பர் நாலா பிரிஞ்சு நாலு கைக்குப் போயிருக்கும். பைபாஸ் ரோட்டோரத்துல 'வாட்டர் சர்வீஸ்'னு போர்டு மாட்டின ஷெட் வாசல்ல பைக்குகள் வரிசைகட்டி நிக்கும். அதே நேரம் ஹாஸ்டலுக்குப் பின்னாடி இருக்கிற குழாயடியில ஒரு கோஷ்டி, கிழிஞ்ச பனியனும் அரை வாளித் தண்ணியுமா வண்டியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கும். மூணாவதா இன்னொரு கோஷ்டி இருக்கு. அவங்க வண்டியை நேரா தாமிரபரணிக்கே ஓட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க.

'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு'ன்னு பேர் வாங்கின ஊர் பாளையங்கோட்டை. காலேஜ் நிறைய, பசங்க நிறைய, பைக்கும் நிறைய. அதனால 'கடையில கொடுத்துக் கழுவுறதா, நாமளே கழுவுறதா'ங்கிற பட்டிமன்றம் இங்கே எல்லா ஹாஸ்டல்லயும் நடக்குது. 'காசு கொடுத்தா அரை மணியில வேலை முடிஞ்சுது'ன்னு ஒரு அணி. 'அந்தக் காசுக்கு நாலு பேர் புரோட்டா சாப்பிடலாம்'னு எதிரணி. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி வாங்க, வண்டியோட ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். ஏன்னா நம்ம ஊர்ல அழுக்குலயே பல ஜாதி இருக்கு பாஸ்!

எந்தப் பக்கம் போனீங்க?

நெல்லையில நின்னுக்கிட்டு நாலு பக்கம் வண்டியைத் திருப்பினா நாலு விதமான மண் ஒட்டிக்கிட்டு வரும்.

மேற்கே போனா சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம். வழி நெடுக வயல். நடவு சீசன்ல டிராக்டர் சக்கரத்துல இருந்து விழுந்த சேறு ரோடெல்லாம் கிடக்கும். ஜூன் பொறந்து குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சுட்டா கேட்கவே வேணாம். போகும்போது கறுப்பா இருந்த வண்டி வரும்போது காக்கியா வரும். ஆனா இந்தச் சேறு ரொம்ப நல்ல பிள்ளை. ஈரம் காயறதுக்குள்ள ஒரு வாளித் தண்ணி ஊத்தினா, தானா வழிஞ்சு ஓடிடும்.

வடக்கே போனா கங்கைகொண்டான், கயத்தாறு, கோவில்பட்டி. 1799-ல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட கயத்தாறைத் தாண்டினா கரிசல் காடு விரியும். வெயில் காலத்துல இந்த மண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஒரு மழை பேஞ்சா போதும்... களியா மாறி டயரைக் கட்டிப்பிடிச்சுக்கும். கடலைமிட்டாய் வாங்கப் போய் மெயின் ரோட்டை விட்டு ஒரு காட்டுப் பாதையில இறங்கினீங்கன்னா, முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல களி அடைச்சுக்கிட்டுச் சக்கரமே சுத்தாது. காஞ்சா சிமென்ட் மாதிரி. இதுக்கு மக்கும் பனியன் துணியும் பத்தாது. வாட்டர் சர்வீஸ் ஜெட்டுக்குத்தான் கரிசல் பயப்படும்.

கிழக்கே தூத்துக்குடி, திருச்செந்தூர். இங்கே கண்ணுக்குத் தெரியிற அழுக்கே இருக்காது. உப்பளத்து வெள்ளை மேடுகளைப் பின்னாடி வச்சு போட்டோ எடுப்பீங்க, திருச்செந்தூர் கடற்கரையில வண்டியை நிறுத்திட்டுக் கோயிலுக்குப் போய் வருவீங்க. வண்டி சுத்தமா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா கடல்காத்து கொண்டுவர்ற உப்பு, ஸ்போக், செயின், சைலன்ஸர் போல்ட்டுன்னு எல்லா இடத்துலயும் உட்கார்ந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தா இரும்பு சீக்கிரமே துரு பிடிக்கும். இதுக்கு ஜெட் தேவையில்லை. வந்த அன்னிக்கே நல்ல தண்ணியில ஒருவாட்டி அலசி, துடைச்சுக் காயவிட்டா போதும். 'ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்'னு நாலு நாள் விட்டீங்கன்னா, உங்களுக்கு முன்னாடி துரு பாத்துக்கும்.

தென்கிழக்கே சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் ஒதுங்கினா தேரிக்காடு. குதிரைமொழித் தேரியில செக்கச்செவேல்னு மணல் மேடு. படம் பிடிக்கிறவங்களுக்குச் சொர்க்கம், செயினுக்கு நரகம். மாவு மாதிரி இருக்கிற அந்தச் செம்மண், செயின்ல இருக்கிற எண்ணெயோட கலந்து அரைக்கிற விழுதாவே மாறிடும். வண்டி ஓட ஓட செயினையும் பல் சக்கரத்தையும் அது தேய்ச்சுக்கிட்டே இருக்கும். அதோட, டேங்க் மேல படிஞ்ச செம்மணலைக் காஞ்ச துணியால 'சும்மா ஒரு துடை' துடைச்சீங்கன்னா, பெயின்ட்டுல சிலந்திவலை மாதிரி கீறல் விழுந்துடும். முதல்ல தண்ணி ஊத்தி மணலை இறக்கணும். அப்புறம்தான் கை வைக்கணும்.

ஸோ, கடையா கையாங்கிறதுல பாதி பதில், போன வாரம் நீங்க எந்தப் பக்கம் போனீங்கங்கிறதுலயே இருக்கு.

ஷெட்டுக்குள்ள என்ன நடக்குது?

வாட்டர் சர்வீஸ் ஷெட்டுல ஒரு அரை மணி நேரம் நின்னு பார்க்கிறது நல்ல படிப்பு. முதல் ரவுண்ட் ஜெட். அப்புறம் நுரை. அப்புறம் பிரஷ்ஷும் துணியும். மறுபடி ஜெட். கம்ப்ரஸர் காத்து அடிச்சு ஈரத்தை விரட்டல். கடைசியா, 'டீசல் அடிக்கவா தம்பி?'ன்னு ஒரு கேள்வி. சாதாரண பைக் கழுவ ஊரையும் கடையையும் பொறுத்து 100 ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். அந்தக் காசுல இட வாடகை, கரன்ட் பில், தண்ணி, சோப்பு எல்லாம் அடக்கம். காலையில இருந்து முட்டி வரைக்கும் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு ஈரத்துலயே நிக்கிற அந்தப் பையனோட கூலியும் அதுலதான். அவனுக்கும் உங்க வயசுதான் இருக்கும். நாள் முழுக்க சோப்புத் தண்ணியில ஊறி வெளுத்த அவன் விரலைப் பார்த்தா, பேரம் பேச வாய் வராது.

ஜெட்டோட பலம் அடியில இருக்கிற களியைக் கிளப்புறது. இன்ஜின் ஃபின் இடுக்கு, செயின் கவருக்குள்ள, மட்கார்டு அடியிலன்னு நம்ம கை போகாத இடத்துக்கெல்லாம் அது போகும். பலவீனமும் அதேதான். போகக் கூடாத இடத்துக்கும் போகும். வீல் பேரிங், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற கோன்செட், சுவிட்ச், ஏர் ஃபில்டர் வாய், சைலன்ஸர் ஓட்டை... இங்கெல்லாம் பக்கத்துல வச்சு அடிச்சா, தண்ணி சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிடும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. சில மாசம் கழிச்சு ஹேண்டில் 'கரகர'ங்கும், சக்கரம் முனகும். மெக்கானிக் பில் வர்றப்போ இந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

டீசல் சங்கதி இன்னும் விவகாரமானது. இன்ஜின் பளபளன்னு தெரியணும்னு டீசலோ எண்ணெயோ ஸ்பிரே பண்ற வழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு. அது பிரேக் டிஸ்க்லயோ, டிரம் உள்ளேயோ பட்டுச்சுன்னா பிரேக் வழுக்கும். டயர்ல ரோட்டைத் தொடுற இடத்துல பாலிஷ் பட்டாலும் அதே கதைதான், முதல் வளைவுல தெரியும். ரப்பரும் சீக்கிரம் ஊறிக் கெட்டுப்போகும். அதனால வண்டியை விடும்போதே வாய் திறந்து சொல்லிடுங்க. 'அண்ணாச்சி, டீசல் வேணாம். டிஸ்க் பக்கம், டயர் பக்கம் எதுவும் அடிக்க வேணாம். ஹேண்டிலுக்குக் கீழே கொஞ்சம் தள்ளி நின்னு அடிக்கச் சொல்லுங்க.' பெரும்பாலான அண்ணாச்சிங்க, 'அதுக்கென்னப்பா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுப்பாங்க. விவரம் தெரிஞ்ச கஸ்டமருக்கு எந்த ஷெட்லயும் மரியாதை உண்டு.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு எக்ஸ்ட்ரா ஒரு வரி: சார்ஜ் ஏத்திக்கிட்டு இருக்கும்போது கழுவாதீங்க. சார்ஜிங் வாய்க்கு நேரா ஜெட் பிடிக்க விடாதீங்க.

குடம் கணக்கு

இப்போ கைக்கு வருவோம். ஒரு சின்ன பரிசோதனை. உங்க வீட்டு ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டு, 20 லிட்டர் வாளி எவ்வளவு நேரத்துல நிறையுதுன்னு செல்போன்ல டைம் பாருங்க. ஒரு நிமிஷத்துல நிறைஞ்சா, 15 நிமிஷம் ஓஸைக் கீழே போட்டுட்டு வண்டி கழுவினா 300 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். ஆக, 20 குடம்! அம்மா தெருக்குழாய்ல வரிசையில நின்னு பிடிக்கிற 20 குடம். ஓஸை மூட்டைகட்டி வச்சுட்டு, வாளியும் மக்குமா உட்கார்ந்தா ரெண்டு குடத்துல வேலை முடிஞ்சிடும். சேறு ஜாஸ்தின்னா மூணு.

முறை ரொம்ப சிம்பிள். வண்டி நிழல்ல நிக்கணும், இன்ஜின் ஆறியிருக்கணும். வெயில்ல கழுவினா சோப்புத் தண்ணி வழியறதுக்குள்ள காஞ்சு திட்டுத்திட்டா நிக்கும். முதல்ல மேலே இருந்து கீழே மெதுவா மக்கால ஊத்தி மண்ணை ஊற விடுங்க. ஒரு அரை வாளியில வண்டிக்குன்னு இருக்கிற ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. துணியை ஷாம்புல முக்கி ஒரு இழு, வெறும் தண்ணியில அலசிட்டு அடுத்த இழு. டேங்க் முதல்ல, சக்கரம் கடைசியில. சக்கரத்துக்குத் தனித் துணி. துணி துவைக்கிற பவுடரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வேணாம், பெயின்ட் மேல இருக்கிற மெழுகுப் பூச்சை அதுங்க உரிச்சுடும்.

போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியாவா? அப்படியே காய விட்டா வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். உடனே துடைச்சிடணும். மழைக்காலத்துல மாடித் தண்ணியை ஒரு டிரம்முல பிடிச்சு வச்சா, அதைவிட நல்ல தண்ணி வண்டிக்குக் கிடையாது.

அப்புறம் செயின். மண்ணெண்ணெயோ, செயின் கிளீனரோ தொட்ட பிரஷ்ஷால லேசா தேய்ச்சு, துடைச்சு, நல்லா காஞ்ச பிறகு செயின் ஆயில். பெட்ரோல் கூடாது. ஓ-ரிங் செயினா இருந்தா ரப்பர் கெட்டுடும், தீப்பிடிக்கிற ஆபத்து வேற. சக்கரத்தைக் கையாலதான் சுத்தணும். இன்ஜினை ஓடவிட்டு கியர்ல போட்டுக்கிட்டு செயினைத் துடைக்கிற வேலையே வேணாம். துணி மாட்டினா கூடவே விரலும் போகும்.

இந்த ஒரு மணி நேரத்துல காசை விடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. ஸ்போக்கைத் துடைக்கும்போது ஒண்ணு மட்டும் ஆடுறது விரலுக்குத் தெரியும். டயரை அலசும்போது பக்கவாட்டுல ஒரு வெடிப்பு கண்ணுல படும். ஃபோர்க்குல எண்ணெய் கசியறது, நம்பர் பிளேட் போல்ட் கழண்டது, பிரேக் ஷூ தேஞ்சது... எல்லாத்தையும் வண்டியே வாய்விட்டுச் சொல்லும். குற்றாலத்துக்கு மூணு பேரா, நாலு வண்டியா கிளம்பற பசங்களுக்கு இது வெறும் சுத்தம் மட்டும் இல்ல, உசுரு சமாச்சாரம். ஷெட்டுப் பையன் ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி பார்க்கிறான். உங்க வண்டியோட சத்தம் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் மாறினது அவனுக்கு எப்படித் தெரியும்?

மூணாவது கோஷ்டிக்கு ஒரு வார்த்தை

இப்போ ஆத்துக்குள்ள வண்டியை இறக்கற நண்பர்கள்கிட்ட வருவோம். கொக்கிரகுளம் பக்கம் 1843-ல திறந்த சுலோசன முதலியார் பாலம் இருக்கே... அரசாங்கப் பணத்தை எதிர்பார்க்காம ஒரு தனி மனுஷன் தன் சொத்தைக் கொடுத்துக் கட்டின பாலம். அதுமேல நின்னு கீழே பாருங்க. பொதிகை மலையில பொறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல்ல கடலைத் தொடற ஆறு. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடல்ல சேருற வற்றாத நதின்னு நாம பெருமை பேசுற ஆறு. வேற மாநிலத்துக்காரன் தண்ணி விடலைன்னு இங்கே யாரும் சண்டை போட முடியாது. அழுக்கானாலும் பழி போட வேற ஆள் கிடையாது. நாமதான்.

நீங்க நெல்லையில அலசி விடற கிரீஸ், கீழே சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம்னு போய்க்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணிதான் தூத்துக்குடிக்காரங்க குடிக்கிறது, விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் வரைக்கும் குழாய்ல போறது. எண்ணெய் தண்ணியைவிட லேசு. அதனால மேலாப்புல படலமா பரவும். கொஞ்சம் எண்ணெய்கூட ரொம்ப தூரத்துக்கு விரியும். வானவில் மாதிரி மினுக்கும், பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா கீழே இருக்கிற மீனுக்குக் காத்து இறங்கறதை அது தடுக்கும். குறுக்குத்துறையில முங்கிக் குளிக்கிற தாத்தாவோட தலைமுடியிலயும் அது ஒட்டும்.

'நான் ஒருத்தன் கழுவறதுலயா ஆறு கெட்டுப் போச்சு? ஊர்ச் சாக்கடையே அதுலதானே விழுது?'ன்னு கேட்பீங்க. நியாயம்தான். சாக்கடை கலக்கிறது பத்தின வழக்குல, 2024 நவம்பர்ல ஐகோர்ட் மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து ஆத்தைப் பார்த்துட்டுப் போனாங்கன்னா நிலைமையைப் புரிஞ்சுக்கலாம். ஆனா அந்தக் கேள்வியைக் கலெக்டர் ஆபீஸ்ல போய் கேட்கணும்னா, முதல்ல நம்ம கையில கிரீஸ் இருக்கக் கூடாதுல்ல மக்கா?

இதே கணக்கு ஷெட்டுக்கும் பொருந்தும். கடைத் தண்ணி எங்கே போகுதுன்னு ஒரு பார்வை பாருங்க. நல்ல கடையில, கழுவுன தண்ணி முதல்ல ஒரு தொட்டிக்குப் போகும். மண் அடியில தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவுல இருக்கிற தண்ணி மட்டும் குழாய் வழியா அடுத்த தொட்டிக்குப் போகும். மிதக்கிற எண்ணெயைத் தனியா வழிச்சு எடுத்துடுவாங்க. தொட்டியே இல்லாம நேரா ஓடையில விடற கடைன்னா, நீங்க காசு கொடுத்து ஆத்துல கழுவுறீங்கன்னு அர்த்தம். பாளையங்கால்வாயும் திருநெல்வேலி கால்வாயும் ஆத்துல இருந்து பிரிஞ்சு ஊருக்குள்ள வர்றதே வயலுக்குப் பாயத்தான். அதுல விழுந்த கிரீஸ் நெல்லுக்குத்தான் போகும்.

ஆறும் சில சமயம் பதிலுக்கு நம்ம வீடு தேடி வரும். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டினதும், நெல்லை ஜங்ஷன் தண்ணிக்குள்ள நின்னதும் மறக்கிற காட்சியா? அந்த மாதிரி முங்கின வண்டிக்கு மட்டும் கடையும் வேணாம், கையும் வேணாம், மெக்கானிக்தான். தண்ணி வடிஞ்சதும் ஆசையில செல்ஃப் அமுக்கினா, இன்ஜினுக்குள்ள புகுந்த தண்ணி கனெக்டிங் ராடையே வளைச்சிடும். தள்ளிக்கிட்டே போங்க. இன்ஜின் ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி வெளுத்திருந்தா, தண்ணி கலந்துடுச்சுன்னு அர்த்தம்.

நாளைக்கு நீங்க போகப் போற ஊர்

நெல்லையில படிச்சு முடிச்சா அடுத்த பஸ் சென்னைக்கோ பெங்களூருக்கோதானே? அங்கே தாமிரபரணி கிடையாது. 2019 கோடையில சென்னையோட ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியை ரயில்ல கொண்டு வந்தாங்க. 2024 மார்ச்சுல பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீர்ல வண்டி கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சது. அந்த ஊர் அபார்ட்மென்ட்ல ஓஸைத் திறந்துவிட்டு வண்டி கழுவினீங்கன்னா, வாட்ச்மேனுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்துடுவாங்க. ரெண்டு குடத்துல வண்டியைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவன் எந்த ஊர்லயும் பிழைச்சுக்குவான்.

கடையா... கையா?

* கரிசல் களி அடைச்ச வண்டி, மாசக்கணக்கா அடியில சேர்ந்த கிரீஸ் - கடைக்குப் போங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி போதும்.
* வாராந்திரத் தூசி, சாரல் சேறு, கடல் உப்பு - கைதான். உப்புன்னா அன்னிக்கே.
* தேரி மணல் - முதல்ல தண்ணி, அப்புறம் துணி. செயினுக்குத் தனி கவனிப்பு.
* ஹாஸ்டல்ல தண்ணித் தட்டுப்பாடா? ஈரத் துணியால ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், கண்ணாடி மட்டும் துடைங்க. வண்டி அழுக்கா இருந்தா குத்தமில்ல, எதிர்ல வர்றவனுக்குத் தெரியணும்.
* எங்கே கழுவினாலும், கிளம்பின உடனே மெதுவா ஓட்டி நாலஞ்சு தடவை பிரேக்கை லேசா பிடிச்சுப் பாருங்க. ஈரமான டிரம் உடனே பிடிக்காது.
* பழைய ஆயில், மண்ணெண்ணெய்க் கசடு - சாக்கடையில ஊத்தாம ஒரு பாட்டில்ல பிடிச்சு, மெக்கானிக் ஷாப்ல பழைய ஆயில் சேர்த்து வைக்கிற டின்னுல சேர்த்துடுங்க.

தீர்ப்பு இதுதான் பாஸ். காசு இருந்தா கடை, நேரம் இருந்தா கை. ரெண்டும் இல்லைன்னா அழுக்கோடவே ஓட்டுங்க, பாபநாசத்துக்குப் போய் வந்த அடையாளமா அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆத்துல இறங்கணும்னு ஆசையா இருக்கா? தாராளமா இறங்குங்க... வண்டியைக் கரையிலயே நிறுத்திட்டு!